தீபாவளிப் பயணமும் 14 நாள் கணக்கும்



2020-ஆம் ஆண்டு நவம்பர் 14, சனிக்கிழமை தீபாவளி வந்தது. போனஸ் கைக்கு வந்ததும் திருப்பூர் பாதி காலியாகிவிடும் என்பது நாம் ஆண்டுதோறும் காண்பது. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று ஓயாமல் உழைத்தவர்கள் மதுரைக்கும் தேனிக்கும் திருநெல்வேலிக்கும் தஞ்சைக்கும் பை நிறையப் புத்தாடைகளோடு புறப்படுவார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களில் சிலர் அடுத்து வரும் சத் பூசையையும் கருதி ரயில் ஏறுவார்கள். கோவில்வழியிலும் புதிய பேருந்து நிலையத்திலும் கால் வைக்க இடமிராது.

2020-இல் அந்தப் பயணம் முன்போல் இருக்கவில்லை. மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்கு மெல்ல மெல்லத் தளர்ந்து, செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவையில்லை என்றாயிற்று. செப்டம்பர் 7 முதல் மாவட்டங்களுக்கிடையே பேருந்துகளும் ஓடின. செப்டம்பரில் தமிழகத்தில் நாள்தோறும் 5,000-க்கு மேல் பதிவான புதிய தொற்று தீபாவளிக்கு முன் ஏறத்தாழ அதில் பாதியாகக் குறைந்திருந்தது. வழி திறந்திருந்தது உண்மை. நோய் போய்விட்டிருக்கவில்லை என்பதும் உண்மை. தடுப்பூசி அப்போது நம் கைக்கு வந்திருக்கவில்லை.

சிகிச்சைக்கு வந்தோரும் உடன் வந்தோரும் அந்நாட்களில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நான் ஏன் ஊருக்குப் போகக்கூடாது?” அக்கேள்விக்கு விடை காண்பதே இம்மாதப் பாடம்.

உடம்பு நன்றாயிருப்பது சான்று ஆகுமா?

கொரோனா வைரஸ் உடலில் புகுந்த அன்றே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தோன்ற 2 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம். 2020-இல் பெரும்பாலோருக்கு 5 நாட்கள் அளவில் தோன்றியது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ 2 நாட்கள் முன்பிருந்தே ஒருவர் பிறருக்கு நோயைப் பரப்ப இயலும். சிலருக்கு அறிகுறி தோன்றாமலே போகும். அவர்களிடமிருந்தும் நோய் பரவும்.

இதனை ஒரு நாள்கணக்காக எழுதிப் பார்ப்போம். இது நடந்த கதை அன்று, நடக்கக்கூடிய கணக்கு.

நவம்பர் 9, திங்கள்: ஓர் இளைஞர் போனஸ் பணத்துடன் நெரிசலான கடையில் துணி எடுக்கிறார். அங்கே தொற்று ஏற்படுகிறது. அவருக்குத் தெரியாது.

நவம்பர் 12, வியாழன்: இரவுப் பேருந்தில் சொந்த ஊருக்குப் புறப்படுகிறார். பேருந்து நிலையத்தில் வெப்பமானி வைத்துப் பார்க்கிறார்கள். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 14, சனி: தாத்தாவின் அருகில் அமர்ந்து காலை உணவு உண்கிறார். மழை பெய்வதால் அனைவரும் ஒரே அறையில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். தாத்தாவுக்குத் தொற்று ஏற்படுகிறது.

நவம்பர் 15, ஞாயிறு: இளைஞருக்குத் தொண்டை கரகரக்கிறது, உடல் வலிக்கிறது. எண்ணெய்க் குளியல் சேரவில்லை, பலகாரம் கூடிப்போயிற்று என்று வீட்டில் சொல்கிறார்கள். சுக்குக் காபி குடித்துத் தேறிவிடுகிறார்.

நவம்பர் 18, புதன்: திருப்பூர் திரும்பி, நால்வர் தங்கும் அறையில் படுத்து, மறுநாள் வேலைக்குச் செல்கிறார்.

நவம்பர் 20, வெள்ளி: ஊரில் தாத்தாவுக்குக் காய்ச்சல் தொடங்குகிறது.

நவம்பர் 27 அளவில்: தாத்தாவுக்கு மூச்சுத்திணறல். இந்நோயில் நிலைமை மோசமடைவோருக்குப் பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஒரு வாரம் கழிந்த பின்னரே அது நேர்கிறது.

பேரன் ஊரில் இருந்தவரை தாத்தா நலமாகவே இருந்தார். பேரனும் நோயாளியாகத் தோன்றவில்லை. அதனால்தான் யாரும் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. இளையவருக்கு இரண்டு நாள் தொண்டை வலியாகக் கழிந்தது, 70 வயதைக் கடந்து நீரிழிவும் உள்ளவருக்கு உயிர்ப் போராட்டம் ஆகலாம். பயணத்தின் ஆபத்து பயணம் செய்பவரைவிட அவர் சென்று சேரும் வீட்டில் காத்திருப்பவருக்கே மிகுதி. இப்பாடத்தின் சாரம் இதுவே.

அண்டை மாநிலம் கற்பித்தது

2020-இல் கேரளத்தில் திருவோணம் ஆகஸ்ட் 31 அன்று வந்தது. அம்மாதக் கடைசி வாரத்தில் அங்கு நாளொன்றுக்கு 2,000 அளவில் புதிய தொற்றுகள் பதிவாயின. ஓணத்திற்கு மறுநாள் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அக்டோபர் 7 அன்று ஒரே நாளில் 10,606 பேருக்குத் தொற்று உறுதியானது. ஓணம் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூற இயலாது. தளர்வுகளும் பரிசோதனை அதிகரித்ததும் சேர்ந்தவையே. எனினும் பண்டிகைக் காலக் கூடுதல்கள் அதில் பங்கு வகித்தன என்பது மருத்துவத் துறையினர் பலரும் எடுத்துக்காட்டியது. பண்டிகையின் விளைவு பண்டிகை நாளில் தெரியாது. பல வாரங்கள் கழித்தே தெரியும். நாமும் குறைந்திருக்கும் எண்ணிக்கையைக் கண்டு அமைதி அடைந்துவிடலாகாது.

பயணத்தை ஒத்திவைக்க வேண்டியவர்கள்

கீழ்க்கண்டவர்கள் அந்தத் தீபாவளிக்கு இருந்த இடத்திலேயே இருப்பது நலமாயிருந்தது.

• கடந்த 14 நாட்களில் தொற்று உறுதியான ஒருவருடன் நெருங்கிப் பழகியவர்கள்.

• காய்ச்சல், இருமல், தொண்டை வலி, வயிற்றுப்போக்கு, மணமோ சுவையோ தெரியாமை ஆகியவற்றில் ஒன்றேனும் உடையவர்கள்.

• பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள்.

• புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இதய நோயோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்கள், கட்டுக்குள் வராத நீரிழிவு உடையவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள்.

காய்ச்சல் மாத்திரை விழுங்கிவிட்டு வெப்பமானியைக் கடந்து செல்லும் வழக்கம் சிலரிடம் இருந்தது. அம்மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்றை மறைக்காது. பேருந்து நிலையக் காவலரை ஏமாற்றலாம். வீட்டிலிருக்கும் முதியவரின் நுரையீரலை ஏமாற்ற இயலாது.

“பரிசோதனை செய்து ‘தொற்று இல்லை’ என்று வந்தால் போகலாமா?” என்று கேட்பவர்களும் உண்டு. ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை மாதிரி எடுத்த நேரத்து நிலையைக் கூறுவது. தொற்றிய முதல் சில நாட்களில் அது ‘இல்லை’ என்றே காட்டக்கூடும். மேற்கண்ட கணக்கில் அந்த இளைஞர் நவம்பர் 10 அன்று பரிசோதித்திருந்தால் ‘இல்லை’ என்ற தாளுடனேயே பேருந்து ஏறியிருப்பார். அத்தாள் கையில் இருந்தாலும் முகக்கவசமும் இடைவெளியும் தேவை.

ஊருக்குப் போகாதிருப்பது பாசக்குறைவு அன்று. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் உள்ளே வராமலும் வீட்டார் வெளியூர் செல்லாமலும் காத்த வழக்கம் நம் முன்னோருடையது. அதனை யாரும் மரியாதைக் குறைவாகக் கருதவில்லை. அந்த வேப்பிலையின் பொருளை இன்று நாம் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடலாம்.

புறப்படும் முன்

பயணம் செய்வதென்று முடிவெடுத்தால், அதற்கு முந்தைய 10 நாட்களே மிக முக்கியமானவை. அந்நாட்களில் கூட்டத்தில் கலந்தால், அதன் பயனை ஊரில்தான் காண நேரும். துணிமணிகளைக் கூட்டம் குறைந்த காலை நேரத்தில், வீட்டில் ஒருவர் மட்டும் சென்று வாங்குவது நல்லது. வேலையிடத்தில் உணவு இடைவேளையின்போது வட்டமாக அமர்ந்து பகிர்ந்துண்பதைச் சில நாட்கள் நிறுத்தி வையுங்கள். முகக்கவசத்தைக் கழற்றியபடி நெருங்கிப் பேசும் நேரம் அதுவே.

தீபாவளிக்கு முதல் நாள் இரவில்தான் பேருந்துகளில் நெரிசல் உச்சமாக இருக்கும். விடுப்புக் கிடைக்குமானால் இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே பகலில் புறப்படலாம். நெரிசலுக்கு அஞ்சி 200, 300 கிலோமீட்டர் தூரத்தை இரவில் இருசக்கர வாகனத்தில் கடப்பவர்களும் உள்ளனர். அது தொற்றைத் தவிர்க்கப் போய் விபத்தை வரவழைப்பதாகும்.

முகக்கவசம்: பனியன் ஊருக்கு ஒரு குறிப்பு

ஊரடங்குக் காலத்தில் திருப்பூர் நிறுவனங்கள் பல முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்துக் கொடுத்தன. ஆகவே துணியைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னலாடைத் துணியை இழுத்தால் அதன் கண் விரியும். தளர்வாகக் கிடக்கும்போது அடர்த்தியாகத் தோன்றும் பனியன் துணி, மூக்கின்மேல் இறுக இழுபட்டால் சல்லடை ஆகிவிடும். மூச்சில் கலந்து வரும் நுண்துளிகள் அக்கண்களின் வழியே கடந்து செல்லும். இக்காரணத்தாலேயே, மிகுதியாக இழுபடும் துணியைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

அவ்வழிகாட்டுதலின்படி துணிக் கவசம் மூன்று அடுக்கு உடையதாக இருக்க வேண்டும். உள்ளடுக்கு ஈரம் உறிஞ்சும் பருத்தி. நடுவடுக்கு வடிகட்டியாகப் பயன்படும் நெய்யாத பாலிப்ரொப்பிலீன். வெளியடுக்கு நீர் எளிதில் ஊறாத பாலியஸ்டர் அல்லது கலப்புத் துணி. நிறுவனத்தில் மீந்த கட்டிங் துண்டில் ஒற்றை அடுக்காகத் தைத்த கவசம் அபராதத்திலிருந்து காத்தது. நோயிலிருந்து போதிய அளவு காக்காது. முகக்கவசம் அணியாதவர்களுக்கு 2020-இல் 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் கவசத்தின் உண்மையான விலை அதைவிடப் பெரிது.

கவசம் மூக்கையும் வாயையும் தாடையையும் மூடி, ஓரங்களில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். ஈரமானால் மாற்ற வேண்டும். ஓர் இரவுப் பயணத்திற்கு ஒருவருக்கு மூன்று கவசங்களேனும் தேவை. பயன்படுத்தியவற்றைத் தனிப்பையில் இட்டு, சோப்பும் சுடுநீரும் கொண்டு துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். நோயாளிகள் மருத்துவக் கவசம் அணிவது மேலும் நன்று. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும், தாமாகக் கவசத்தை அகற்ற இயலாதவர்களுக்கும் அதனை அணிவிக்கக் கூடாது.

பேருந்திலும் ரயிலிலும்

மூடிய இடமும் நெரிசலும் நெடுநேரமும் சேரும்போது ஆபத்து மிகும். பயண நேரத்தை நாம் குறைக்க இயலாது. மற்ற இரண்டையும் ஓரளவு குறைக்கலாம். குளிரூட்டிய பேருந்தைவிடச் சாளரம் திறந்த பேருந்து மேல். மழையில்லாதபோது சாளரத்தைத் திறந்து வையுங்கள். பலர் சேர்ந்து வேன் அமர்த்திக்கொண்டாலும் இதே விதி பொருந்தும். நம்மவர் என்பதால் கவசத்தைக் கழற்றிவிடக் கூடாது.

வீட்டிலேயே உண்டுவிட்டுப் புறப்படுங்கள். வழியில் உண்ண வேண்டியிருந்தால் வண்டி நிற்கும்போது இறங்கி, வெட்டவெளியில் தள்ளி நின்று உண்ணலாம். அருகில் அமர்ந்திருப்பவர் நீர் அருந்தக் கவசத்தை அகற்றும்போது நீங்களும் அகற்றாதீர்கள். கைப்பிடிக் கம்பியைத் தொட்ட கையால் கண்ணையும் மூக்கையும் தொடாதீர்கள். தூங்கும்போதும் கவசம் இருக்கட்டும்.

சென்று சேர்ந்த வீட்டில்

பயணம் எட்டு மணி நேரம். வீட்டில் தங்குவதோ நான்கைந்து நாட்கள். வழியெல்லாம் கவசம் அணிந்து வந்தவர், வீட்டு வாசலைத் தாண்டியதும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார். உண்மையில் கவனம் மிகுதியாக வேண்டிய இடம் அதுவே.

வந்தவுடன் குளித்து உடை மாற்றுங்கள். வீட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவரோ நாட்பட்ட நோயுள்ளவரோ இருந்தால், அவர் படுக்கும் அறையில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் படுக்க வேண்டாம். முதியவர்கள் முதலில் உண்ணட்டும். வந்தவர்கள் பிறகு உண்ணலாம். அவர்களுடன் பேசும்போது திண்ணையிலோ வாசலிலோ, இரு கை தூர இடைவெளியில், கவசத்துடன் அமருங்கள். மழையால் உள்ளேதான் இருக்க வேண்டுமெனில் கதவும் சாளரமும் திறந்திருக்கட்டும்.

வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைத்து வாழ்த்துவது தீபாவளிக் காலையின் முதற்சடங்கு. முகத்தோடு முகம் நெருங்கும் நேரம் அது. இருவரும் கவசம் அணிந்து, எண்ணெய் வைத்ததும் விலகிவிடலாம். அல்லது பெரியவர் தொட்டுக் கொடுத்த எண்ணெயைத் தாமே வைத்துக்கொள்ளலாம். காலில் விழுந்து ஆசி பெறுவதைச் சற்றுத் தள்ளி நின்று செய்தால் ஆசி குறைந்துவிடாது.

ஓர் எச்சரிக்கை: கைகளுக்குத் தடவும் கிருமிநாசினியில் ஆல்கஹால் உள்ளது. அது எளிதில் தீப்பற்றும். விளக்கேற்றும் முன்னரும் பட்டாசு கொளுத்தும் முன்னரும் அதைத் தடவாதீர்கள். அந்நேரத்தில் சோப்பும் தண்ணீருமே பாதுகாப்பு. கிருமிநாசினிப் புட்டியைப் பட்டாசுக்கு அருகில் வைக்காதீர்கள்.

சிகிச்சையில் இருப்போருக்கு

உங்கள் மருத்துவர் ஒப்புதலுடன் பயணம் செய்வோர் இவற்றை மறவாதீர்கள்.

• தங்கும் நாட்களைவிட 10 நாட்களுக்குக் கூடுதலான மருந்து கைப்பையில் இருக்க வேண்டும், சுமைப்பெட்டியில் அன்று. மருந்துச் சீட்டு, கடைசியாக வெளியேறியபோது பெற்ற சுருக்கக் குறிப்பு ஆகியவற்றின் நகலும் கைப்பேசிப் படமும் வேண்டும்.

• இன்சுலினை வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்திருங்கள். பனிக்கட்டி நேரடியாகப் படக்கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

• டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு முறையைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. செல்லும் ஊரில் அதற்கு ஏற்பாடு உறுதியான பின்னரே புறப்பட வேண்டும். இல்லையெனில் பயணம் வேண்டாம்.

• காசநோய் மாத்திரையைப் பண்டிகைக்காக ஒரு நாளும் விடலாகாது.

• ஆஸ்துமா உடையவர்கள் இழுப்பு மருந்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். பட்டாசுப் புகை, தொற்று இரண்டுமே மூச்சிரைப்பை எழுப்பும்.

பராமரிப்பவர்களுக்கும் ஒரு சொல். நோயாளி வீட்டிலேயே இருந்து, அவரைக் கவனித்துக்கொள்பவர் மட்டும் ஊருக்குச் சென்று திரும்பினால், அவர் வழியாகவே நோய் வீட்டுக்குள் வரக்கூடும். உடல் தூய்மை செய்வது, உணவூட்டுவது போன்ற நெருக்கமான பணிகளைத் திரும்பி வந்தபின் 14 நாட்களுக்கு இயன்றவரை வேறொருவர் ஏற்பது நல்லது. வேறு ஆள் இல்லாத வீட்டில், பராமரிப்பவர் பயணத்தைத் தவிர்ப்பதே அவர் செய்யும் பெரிய சிகிச்சை.

ஊரில் இருக்கும்போது உடல்நலம் குன்றினால்

காய்ச்சலோ தொண்டை வலியோ தொடங்கினால் பலகாரத்தின்மேல் பழி போடாதீர்கள். அன்றே தனி அறைக்குச் செல்லுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பரிசோதித்துக்கொள்ளுங்கள். 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். முடிவு தெரியும் வரை பேருந்து ஏறித் திருப்பூர் திரும்ப முயலாதீர்கள்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் நாளுக்கு மூன்று முறை பாருங்கள். இந்நோயில் மூச்சுத்திணறலை உணராமலே ஆக்சிஜன் அளவு குறையலாம். அளவு 94-க்குக் கீழே சென்றாலோ, மூச்சுவிடச் சிரமம், நெஞ்சில் இறுக்கம், உதடு நீலமாதல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலோ 108-ஐ அழையுங்கள். நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் தங்களுக்குரிய அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின்

பயணப் பாதுகாப்பு வீடு திரும்பியதும் முடிந்துவிடுவதில்லை. காம்பவுண்டு வீடுகளில் ஒரே குழாயையும் ஒரே கழிப்பறையையும் பல குடும்பங்கள் பகிர்கின்றன. விடுதி அறைகளில் நால்வரும் அறுவரும் தங்குகிறார்கள். பல ஊர்களுக்குச் சென்றவர்கள் ஒரே வாரத்தில் ஒரே கூரையின்கீழ் மீண்டும் கூடுவார்கள். ஆகவே திரும்பிய நாளை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து 14 நாட்கள் எண்ணுங்கள். அந்நாட்களில் அறையிலும் வேலையிடத்திலும் கவசத்தைக் கைவிடாதீர்கள். சிறு அறிகுறி தோன்றினாலும் மேற்பார்வையாளரிடம் சொல்லி விடுப்பெடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கூலி போகும் என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஒருவர் மறைத்தால் ஒரு லைன் முழுவதும் படுக்கும். அப்போது எல்லோர் கூலியும் போகும்.

மருத்துவமனைக்கு வரும்போது, “எங்கே போய் வந்தீர்கள்?” என்று செவிலியர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அது குற்ற விசாரணை அன்று. உங்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் காக்கவும் உங்களுக்கு உரிய சிகிச்சையை விரைவில் தொடங்கவும் கேட்கப்படுவது.

நினைவில் நிறுத்த

1. அறிகுறி இல்லை என்பது தொற்று இல்லை என்பதற்குச் சான்று அன்று.

2. புறப்படும் முன் 10 நாள் கட்டுப்பாடு. திரும்பியபின் 14 நாள் கவனம்.

3. பேருந்தைவிட, முதியவருடன் பகிரும் மூடிய அறையே மிகுந்த கவனத்துக்குரியது.

4. ஐயம் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

2021 ஜனவரி 14 அன்று பொங்கல் வந்தது. அதற்குப் பிறகும் பண்டிகைகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் நம் தாத்தாவும் பாட்டியும் நம்முடன் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஒரு தீபாவளிக்குச் சற்று விலகியிருக்கக் கேட்டோம்.